ஊசிக்கு முன்னால் ஒரு சோதனை

“மடி வீங்கியிருக்கு சார், என்ன ஊசி போடலாம்?” தூத்துக்குடி மாவட்டத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். நான் திருப்பிக் கேட்பேன்: எந்தக் காம்பு? பால் தண்ணியா வருதா, திரி திரியா வருதா? மாடு தீவனம் எடுக்குதா? காய்ச்சல் அடிக்குதா? கடைசி இரண்டுக்கும் பெரும்பாலும் பதில் வரும். முதல் இரண்டுக்கு வராது. அதற்குள் யாரோ சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்கி ஓர் ஊசியும் போட்டிருப்பார்கள்.

மடிநோய்க்கு ஆன்டிபயாடிக்கே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சில வகை மடிநோய், மருந்து தாமதமானால் மாட்டையே கொண்டுபோய்விடும். ஆனால் ஊசியோ மடிக்குள் விடும் டியூபோ போடும் முன், பாலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தொழுவத்திலேயே ஐந்து நிமிடத்தில் செய்யலாம். அதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இப்போது போடும் ஊசிகளில் ஒரு பெரும் பங்கு தேவையே இல்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இறாலுக்கு இருக்கும் காவல்

மருந்து எச்சம் என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கடலோரத்தில் இறால் வளர்ப்பவர்களையும் வ.உ.சி. துறைமுகம் வழியாக அதை ஏற்றுமதி செய்பவர்களையும் கேட்டாலே போதும். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட மருந்துகளின் சுவடு தெரிந்தாலும் அனுப்பிய சரக்கு திரும்பி வரும். ஐரோப்பிய ஒன்றியம் இந்திய வளர்ப்பு இறாலில் சோதிக்கும் சரக்கின் பங்கை 2016-இல் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. இறாலைப் பிடிக்கும் முன்பே குளத்திலிருந்து மாதிரி எடுத்து, கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சான்று வாங்கும் ஏற்பாடும் இருக்கிறது.

வெளிநாட்டார் சாப்பிடும் இறாலுக்கு இவ்வளவு காவல் போட்டிருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும் பாலுக்கு? பெரிய பால் நிறுவனங்கள் டேங்கர் பாலைச் சோதிக்கின்றன. தெருவில் கேனில் கொண்டுவந்து ஊற்றும் பாலை யார் சோதிக்கிறார்கள்?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றே மேல். பயந்து பாலை நிறுத்த வேண்டிய அளவு இது இல்லை. எனக்குப் பெரிய கவலை எச்சத்தைப் பற்றியதும் அல்ல. அரைகுறையாகப் போடும் ஒவ்வொரு ஊசியும் நம் தொழுவத்துக் கிருமிக்கு அந்த மருந்தைத் தாங்கக் கற்றுக்கொடுக்கிறது. மடிநோய்க்குப் பரவலாகப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன், மனிதர்களுக்கு டைபாய்டு வந்தால் ஆஸ்பத்திரியில் ஏற்றும் அதே மருந்துதான். சாணி வழியாக, தண்ணீர் வழியாக, கறக்கிறவரின் கை வழியாக அந்தக் கிருமி வீட்டுக்குள் வருகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் 2019-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்தார்கள் என்று ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டு ஜூலையில், மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது.

பணக் கணக்கும் இருக்கிறது. ஊசி போட்ட மாட்டின் பாலைப் பாட்டிலில் குறிப்பிட்டிருக்கும் நாள் வரை விற்கக் கூடாது. அப்படி எதுவும் அச்சிடவில்லை என்றால் 2012-இல் திருத்திய மருந்து விதிப்படி குறைந்தது ஏழு நாள் பாலை ஒதுக்க வேண்டும். பத்து லிட்டர் கறக்கும் கலப்பின ஜெர்சி மாட்டுக்கு இது எவ்வளவு நட்டம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நினைப்பவர்கள் பலர். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் நாம் அடுப்பில் காய்ச்சும் சூட்டில் முழுதாக அழிவதில்லை. வாடிக்கைக்காரர் வீட்டில் “பால் நல்லா இருக்கு, ஆனா தயிர் உறையமாட்டேங்குது” என்றால் அந்தப் பாலில் மருந்து கலந்திருக்கலாம். உறை ஊற்றும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும்.

கிண்ணத்தில் என்ன தெரியும்

மடி கல்லாக வீங்கி, மாடு காலை உதறும்போதுதான் மடிநோய் என்கிறோம். வெளியே அப்படித் தெரியும் மாடு ஒன்று என்றால், ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் நோய் இருக்கும் மாடுகள் பல மடங்கு. பால் வெள்ளையாகவே இருக்கும், மடியும் மெத்தென்றே இருக்கும். கறவை மட்டும் அரை லிட்டர், ஒரு லிட்டர் எனக் குறையும். “வெயில்னால குறையுது”, “பருத்திக்கொட்டை சரியில்லை” என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். சில சமயம் டீக்கடைக்காரர் பால் லேசாக உப்புக் கரிக்கிறது என்பார். அவர் நாக்கு சரியாகத்தான் சொல்கிறது. மடி அழற்சியில் இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசியும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த நோயைக் காட்ட 1957-இல் அமெரிக்காவில் இருவர், ஷாம், நூர்லாண்டர் என்பவர்கள், ஒரு சோதனையைக் கொடுத்தார்கள். கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று பெயர். நான்கு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டும் ஊதா நிறக் கரைசலும்தான் கருவி. மடிக்குள் கிருமி புகுந்தால் அதை எதிர்க்க வெள்ளையணுக்கள் பாலுக்குள் திரளும். கரைசலில் இருக்கும் சோப்புப் பொருள் அந்த அணுக்களை உடைக்கும். உள்ளிருந்து வெளிவரும் டி.என்.ஏ. இழைகள் பின்னிக்கொண்டு பால் கூழாகும். வெள்ளையணு எவ்வளவு அதிகமோ கூழ் அவ்வளவு கெட்டி.

செய்முறையில் நான்கைந்து விஷயங்களில் கவனமாக இருந்தால் போதும். காலைக் கறவைக்கு முன் மடியைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று நான்கு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய டம்ளரில் விடுங்கள். திரி, கட்டி இருந்தால் துணியின் மேலேயே நின்றுவிடும். அடுத்து வரும் பாலில் காம்புக்கு ஒரு குழியாகச் சுமார் 2 மில்லி. முன்வலம், முன்னிடம், பின்வலம், பின்னிடம் என்று எந்தக் குழி எந்தக் காம்பு என்பது மாறக் கூடாது. தட்டின் கைப்பிடி எப்போதும் மாட்டின் தலைப் பக்கம் இருக்கும்படி பிடித்தால் குழப்பம் வராது. பாலின் அதே அளவு கரைசலை ஊற்றித் தட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். பத்துப் பதினைந்து வினாடியில் பார்த்துவிட வேண்டும். நேரம் போனால் லேசான கூழ் கலைந்துவிடும்.

நல்ல காம்புப் பால் தண்ணீர் போல ஓடும். சந்தேகமுள்ளதில் தட்டைச் சாய்க்கும்போது அடியில் மெல்லிய கோழை போல இழுபடும். நோய் முற்றியதில் நடுவில் குவிந்து, முட்டையின் வெள்ளைக்கரு போல மொத்தமாக எழும்பி நிற்கும், தட்டைக் கவிழ்த்தாலும் சட்டென்று விழாது. ஒரே மாட்டில் மூன்று குழி ஓட, நான்காவது குழி மட்டும் கட்டி நிற்பதை ஒருமுறை பார்த்தவர் பிறகு சோதிக்காமல் ஊசி கேட்பதில்லை. இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

கரைசல் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் இருக்கும் துணி துவைக்கும் சோப்புத்தூளே போதும். பாகிஸ்தானில் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் சிறு விவசாயிகளுக்காகப் பழக்கிய முறை இது. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் தூளைக் கரைத்துக்கொள்ள வேண்டும். சிறு பாக்கெட்டில் எடை அச்சிட்டிருப்பதால் தராசு கூடத் தேவையில்லை. நான்கு சிறு கிண்ணங்களில் காம்புவாரியாகப் பாலும் அதே அளவு சோப்புத் தண்ணீரும் விட்டுச் சுழற்றுங்கள். ஊதா நிறம் இருக்காது, கூழ் தெரியும். சோதித்த பாலைத் தொழுவத் தரையில் கொட்டாதீர்கள். தள்ளிக் கொண்டுபோய் மண்ணில் புதைத்துவிடுங்கள்.

கன்று ஈன்ற முதல் ஐந்து நாளும், பால் வற்றும் தறுவாயிலும் இந்தச் சோதனை பொய்யாகக் கூழ் காட்டும். அந்த நாட்களில் வேண்டாம். மற்றபடி மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லா மாட்டுக்கும் செய்யுங்கள். ஒரு பழைய நோட்டில் தேதி, மாட்டின் காதுத் தோடு எண், நான்கு காம்பின் நிலை மூன்றையும் எழுதுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டைவிட உதவியானது எதுவும் இல்லை.

கூழ் வந்துவிட்டது, இனி?

இங்கேதான் ஆன்டிபயாடிக் மிச்சமாகிறது. இங்கேதான் பலர் அவசரப்படவும் செய்கிறார்கள்.

கூழ் வந்தது, ஆனால் பால் நிறம் மாறவில்லை, மடியும் வீங்கவில்லை, மாடு நன்றாக அசை போடுகிறது. கறவை நடக்கும்போது இந்த நிலையில் ஊசி வேண்டாம். அந்தக் காம்பை முழுதாக, அடிக்கடி கறந்து காலி செய்யுங்கள். அந்த மாட்டைக் கடைசியில் கறங்கள். பத்து நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். பல மாடுகள் தாமாகத் தேறிவிடும். தேசிய பால்வள வாரியம் தன் மடிநோய்த் தடுப்புத் திட்டத்தில் கூட்டுறவுப் பால் சங்கங்கள் வழியாகச் செய்வதும் இதுதான்: கிராமத்திலேயே கலிஃபோர்னியா சோதனை செய்து, கூழ் வந்த மாட்டுக்கு ஊசிக்குப் பதிலாக ட்ரைசோடியம் சிட்ரேட் உப்பை வாய்வழி கொடுத்துத் தேற்றுவது. மாட்டின் எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் திரியாகிவிட்டது, ஒரு காம்பு லேசாக வீங்கியிருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை, தீவனம் எடுக்கிறது. இந்த நிலையில் ஒருநாள் பொறுக்கலாம். அந்த ஒருநாளில் செய்ய வேண்டியது பால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது. காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்து, முதல் பீச்சலை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய சீசாவில் கொஞ்சம் பால் பிடித்து, ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். ஊசி போட்ட பிறகு எடுத்த மாதிரி பெரும்பாலும் வீண். உங்கள் ஊர் மருந்தக டாக்டரிடம் கொடுத்தால் எங்கே அனுப்புவது என்று அவர் சொல்வார். திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது அங்கிருந்து வரும் தாளில் இருக்கும்.

எதற்கு இந்தச் சிரமம்? மடிநோய் ஒரே கிருமியால் வருவதில்லை. சாணித் தரையிலிருந்து வரும் ஈ.கோலை, லேசான நிலையில், மாட்டின் உடலே விரட்டிவிடும் கிருமி. ஆன்டிபயாடிக் அங்கே பெரிதாக எதுவும் செய்வதில்லை. டியூப் முனை அசுத்தமாக இருந்து ஈஸ்ட் பூஞ்சை உள்ளே போயிருந்தால் ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது, இன்னும் வளரவிடும். திரியாக வரும் பாலிலும் ஒரு கணிசமான பங்கில் ஆய்வகத்தில் கிருமியே வளராது, மாடு அதற்குள் அதை வென்றிருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று வந்தால் மருந்து நன்றாகக் கேட்கும், தாராளமாகப் போடலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் பதுங்கிவிட்ட பழைய மாட்டில், எத்தனை ஊசி போட்டாலும் மூன்று வாரத்தில் திரும்பி வரும். அப்படிப்பட்ட மாட்டைத் தனியாகக் கட்டிக் கடைசியில் கறப்பது, அல்லது மந்தையிலிருந்து விலக்குவது மட்டுமே வழி. மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்த ஒரு மாடு மற்ற மாடுகளுக்கெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் பண்ணையிலேயே கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டுகளைப் பழக்கினார்கள். மாலையில் பாலைத் தடவி இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்தால் மறுநாள் விடை. 2011-இல் வெளியான ஆய்வில் எட்டுப் பண்ணைகளில் லேசான, நடுத்தர மடிநோய் கண்ட 422 மாடுகளை எடுத்துக்கொண்டார்கள். சோதித்து மருந்து கொடுத்த பிரிவில் நோயுற்ற காம்புகளில் 44 சதவீதத்துக்குத்தான் ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது. எல்லாவற்றுக்கும் மருந்து போட்ட பிரிவைவிட குணமாவதில் குறைவு இல்லை. இரண்டு மாடு வைத்திருப்பவர் வீட்டில் இந்தப் பெட்டி வைப்பது நடக்காத காரியம். ஆனால் பால் குளிரூட்டும் நிலையத்திலோ கால்நடை மருந்தகத்திலோ ஒன்று வைக்கலாம். ஸ்ரீவைகுண்டம், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று ஒன்றியத்துக்கு ஒன்று இருந்தாலே பெரிய மாற்றம் வரும். சங்கக் கூட்டத்தில் கேட்டு வாங்க வேண்டிய வசதி இது.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. காய்ச்சல், தீவனம் எடுக்காமை, பால் தண்ணீராகவோ இரத்தமாகவோ வருவது, மடி சில்லென்று குளிர்ந்து நீலம் பாய்வது, மாடு எழுந்திருக்க முடியாமல் கிடப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962 எண்ணில் நடமாடும் மருத்துவ வண்டி கிடைக்கும். அன்று டாக்டர் ஆன்டிபயாடிக் போட்டால் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். இரண்டாம் நாள் பால் வெளுத்துவிட்டது என்று நிறுத்துவதும், ஒரு டியூபை இரண்டு காம்புக்குப் பிரிப்பதும் கிருமிக்குச் செய்யும் உதவி.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு

தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பல ஆண்டுகள் உழைத்து முறைப்படுத்திய மூலிகை மருத்துவத்தை, தேசிய பால்வள வாரியம் நாடு முழுக்க எடுத்துச் சென்றிருக்கிறது. தேரிக்காட்டு ஓரத்திலும் வேலியோரத்திலும் கற்றாழைக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஒரு நாளைக்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு. கற்றாழையின் முள்ளை மட்டும் சீவிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். மடியைக் கழுவி, பாலை முழுதும் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். நோயுள்ள காம்பில் மட்டும் பூசினால் போதாது. ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூன்று நாள் தின்னக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

மாடு தெம்பாக இருந்து, கிண்ணத்தில் மட்டும் கூழ் வந்த நிலையிலும் லேசான வீக்கத்திலும் இதைத் தயங்காமல் செய்யச் சொல்வேன். பாலை ஒதுக்கவும் வேண்டியதில்லை, கறக்கும் முன் மடியை நன்றாகக் கழுவினால் சரி. ஆனால் பத்து முறை என்பதை இரண்டு முறையாக்கிவிட்டு “கேட்கலை” என்று சொல்லக் கூடாது. காய்ச்சலோடு விழுந்து கிடக்கும் மாட்டுக்கு விழுது பூசிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடாமல் இருப்பதும் தவறு.

கறக்கிற கை

சோதனையில் கூழ் வரும் மாடுகள் கூடிக்கொண்டே போனால் தொழுவத்தைப் பாருங்கள். நம் பக்கம் கட்டை விரலை மடக்கி, அந்தக் கணுவால் காம்பை அழுத்திக் கறக்கும் பழக்கம் இருக்கிறது. காம்பின் உள்பக்கம் அதில் புண்ணாகும், கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. முழு உள்ளங்கையால் பிடித்துக் கறக்கப் பழகுங்கள். கறந்து முடித்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமலிருக்க, தவிடும் புண்ணாக்கும் அப்போது வையுங்கள். கறந்தவுடன் போவிடோன் அயோடின் கரைசலில் காம்பை முக்கி எடுப்பது, என் பார்வையில், ஆன்டிபயாடிக்கைக் குறைக்கும் வழிகளில் மிக மலிவானது. ஒரு மாட்டைத் துடைத்த துணியால் அடுத்த மாட்டைத் துடைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தரை ஈரமாகும் நாட்களில் சாணிக் கிருமியால் வரும் மடிநோய் கூடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையோரத் தொழுவங்கள் எத்தனை நாள் சேறாகக் கிடந்தன என்பது உங்களுக்கே தெரியும். மாடு படுக்கும் இடத்தை மட்டுமாவது மண்ணடித்து ஒரு சாண் உயர்த்தி, மேலே காய்ந்த மணல் பரப்புங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் கொஞ்சம் பெரிய பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சினை மாட்டைக் கன்று ஈனும் முன் இரண்டு மாதம் வற்றவிடும்போது, எல்லா மாட்டுக்கும் எல்லாக் காம்பிலும் மருந்து டியூப் விடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நோயில்லாத மாட்டுக்கு வழக்கமாக இப்படி மருந்து கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 28 முதல் தடை செய்திருக்கிறது. வற்றவிடுவதற்குச் சில வாரம் முன்பே சோதியுங்கள், நோட்டைப் புரட்டிப் பாருங்கள், நோயுள்ள மாட்டுக்கு மட்டும் டாக்டர் சொல்வதை விடுங்கள்.

நாளைக் காலைக் கறவைக்கு முன் அரை லிட்டர் சோப்புத் தண்ணீர் கரைத்து, நான்கு கிண்ணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடுகள் எல்லாவற்றையும் சோதித்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டருக்குப் போன் செய்யும்போது எந்தக் காம்பு என்பதை முதலில் சொல்லுங்கள்.